கல்லறையிலிருந்து நீண்ட கை
கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கதை

செத்தும் கொடுத்தவர் சீதக்காதி என்பது தமிழ்நாட்டில் பாட்டிமார் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோரும் அறிந்த பேச்சு. ஆனால் அந்தச் சீதக்காதி யார், எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். பாரி, காரி போல மிகப் பழைய காலத்துக் குறுநில மன்னர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் கட்டுக்கதை என்று சொல்லி விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர் மன்னர் அல்ல, வியாபாரி. கட்டுக்கதையும் அல்ல. முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னால் நம்மைப் போல ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர். அவருடைய ஊர் இருக்கிறது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல் பள்ளிவாசல் இருக்கிறது. அவர் நண்பராக இருந்த அரசரின் அரண்மனை இருக்கிறது. அவர் தூண்டுதலால் தொடங்கிய காவியத்தை இன்றும் படிக்கிறார்கள். ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் இவற்றில் பலவற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

கடலைப் பார்த்த ஊர்

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் போனால் கீழக்கரை. போகிற வழியிலேயே திருப்புல்லாணிப் பெருமாள் கோயில். ஊர் மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. எதிரே கடலில் சிறு சிறு தீவுகள். அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் அலையைத் தடுப்பதால் இங்கே கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். தோணியும் கப்பலும் ஒதுங்க நல்ல இடம்.

இந்தக் கடலுக்கு அடியில் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று முத்து. மற்றொன்று சங்கு. முத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முத்துக் குளிப்பு சில ஆண்டுகளில் நடக்கும். பல ஆண்டுகளில் நடக்காது. சங்கு அப்படி அல்ல. அது ஓரளவு நிச்சயமான வருமானம். மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் தொழிலில் கீழக்கரை ஆட்கள் பேர் பெற்றவர்கள்.

அந்தச் சங்கு எங்கே போயிற்று தெரியுமா? வங்காளத்துக்குப் போயிற்று. வங்காளத்து இந்துப் பெண்கள் கல்யாணமானதும் கையில் சங்கு வளையல் போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் தாலி எப்படியோ அப்படி அவர்களுக்குச் சங்கு வளையல். அதை அறுத்துச் செய்யும் தொழிலாளர்கள் டாக்காவில் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய சங்கு தெற்கே இந்தக் கடலிலிருந்து போயிற்று. கீழக்கரை முஸ்லிம் மூழ்கி எடுத்த சங்கு, வங்காளத்து இந்து மணமகளின் கையில் ஏறியது. திரும்பி வரும் கப்பல் வெறுமையாக வராது. அரிசி வரும், துணி வரும்.

இந்த ஊர் முஸ்லிம் வணிகர்களுக்கு மரக்காயர் என்று பட்டம். மரக்கலம் வைத்திருந்தவர்கள் என்பதால் மரக்கலராயர் என்று பெயர் வந்து, அது மரக்காயர் ஆயிற்று என்பார்கள். அராபியாவோடும் இலங்கையோடும் கிழக்கே மலாய் நாட்டோடும் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். கணக்கு எழுதுவது தமிழ். ஓதுவது அரபு.

பெயர் வந்த விதம்

இப்படிப்பட்ட ஒரு மரக்காயர் குடும்பத்தில் பிறந்தவர்தான் நம் வள்ளல். தந்தையார் மவ்லா சாகிபு பெரியதம்பி மரக்காயர். பிள்ளைக்கு வைத்த பெயர் ஷெய்கு அப்துல் காதிர். இந்த அரபுப் பெயர் தமிழ் மக்களின் நாவில் உருண்டு, செய்தக்காதி ஆகி, பிறகு சீதக்காதி ஆயிற்று. இயற்பெயரைச் சொன்னால் இன்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஜனங்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அவர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறாக எழுதியிருக்கிறார்கள். அதில் நாம் சிக்கிக்கொள்ள வேண்டாம். ராமநாதபுரத்தில் ரகுநாத சேதுபதி அரசாண்ட காலமே சீதக்காதி வாழ்ந்த காலம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதாவது 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதி.

அரசரும் வியாபாரியும்

ரகுநாத சேதுபதியைக் கிழவன் சேதுபதி என்றே சரித்திரம் அழைக்கிறது. 1670-களில் பட்டத்துக்கு வந்து 1710 வரை ஆண்டவர். அவ்வளவு நீண்ட காலம் ஆண்டதால்தானோ என்னவோ, கிழவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மதுரை நாயக்கர்களுக்கு அடங்கி இருந்த சேது நாட்டைத் தனி நாடாக்கியவர் அவர். 1702-ல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படையைத் தோற்கடித்தார். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவரே.

தலைநகர் என்றால் கோட்டை வேண்டும். கோட்டைக்குப் பணம் வேண்டும். சேதுச் சீமை வறண்ட பூமி. வானம் பொய்த்தால் வரி எங்கிருந்து வரும்? ஆனால் கடல் பொய்க்கவில்லை. கடலில் வரும் செல்வம் யாருடைய கையில் இருந்தது? கீழக்கரை மரக்காயரின் கையில் இருந்தது. அரசருக்கு அந்த வியாபாரியின் துணை தேவை. வியாபாரிக்கு அரசரின் பாதுகாப்பு தேவை. இந்தத் தேவையில் தொடங்கிய உறவு உண்மையான நட்பாக வளர்ந்துவிட்டது. மண்கோட்டையாக இருந்த ராமநாதபுரத்தைக் கற்கோட்டையாக மாற்றியதிலும், அரண்மனை எழுப்பியதிலும் சீதக்காதி துணை நின்றார் என்பது அந்தச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சேதுபதி தமது பெயரின் ஒரு பகுதியையே அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். விசய ரகுநாதப் பெரியதம்பி மரக்காயர் என்பது அந்தப் பட்டம். ஓர் இந்து அரசர் தம் பெயரை ஒரு முஸ்லிம் வியாபாரியின் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்றால், அந்த உறவு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

இதே சேதுபதியின் ஆணையால்தான் 1693-ல் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் சிரச்சேதம் செய்யப்பட்டார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆகவே அந்த ராஜாவை எல்லா மதத்தாரையும் ஒன்றாகப் பார்த்த மகான் என்று தூக்கி வைத்துவிட முடியாது. அவர் ராஜா. ராஜ்யத்துக்கு யார் துணை, யாரால் தொந்தரவு என்று பார்த்தவர். அப்படிப்பட்டவரிடம் ஆயுள் முழுவதும் நம்பிக்கை பெறுவது எளிதல்ல. சீதக்காதி அதைப் பெற்றார்.

டச்சுக்காரர்களின் கோபம்

சீதக்காதியின் காலத்தில் இந்தக் கடலில் புதிய முதலாளிகள் வந்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டுத் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். பிறகு, எங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தக் கப்பலும் ஓடக்கூடாது, மிளகும் பாக்கும் முத்தும் சங்கும் எங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் பேச ஆரம்பித்தார்கள்.

பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அந்தக் கடலில் கப்பல் ஓட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கீழக்கரை மரக்காயர்கள் ஒரேயடியாகப் பணிந்துவிடவில்லை. டச்சுக்காரர்களின் கடிதங்களில் கீழக்கரைப் பெரியதம்பி மரக்காயரைப் பற்றிப் புகார் மேல் புகார். சேதுபதியின் அரசாங்கத்தில் அவர் வைத்ததே சட்டம் என்று அவர்கள் பொருமுகிறார்கள். சேதுபதியோடு உடன்படிக்கை பேசும்போது, அந்த மரக்காயருக்கு அரசாங்கத்தில் இடம் இருக்கக்கூடாது என்றே வற்புறுத்தினார்கள். ஒரு பெரிய ஐரோப்பியக் கம்பெனி, பீரங்கியும் போர்க்கப்பலும் வைத்திருந்த கம்பெனி, கீழக்கரை வியாபாரி ஒருவரைக் கண்டு இவ்வளவு கலங்கியது!

பெரியதம்பி என்பது அந்தக் குடும்பத்துக்கே உரிய பட்டம். அதனால் டச்சுக்காரர் குறிப்பிடுவது சீதக்காதியையா, அவர் குடும்பத்தில் வேறொருவரையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படி இருந்தாலும் ஒன்று தெளிவு. சீதக்காதி அள்ளிக் கொடுத்த பணம் சும்மா வந்த பணமல்ல. புயலையும் கடற்கொள்ளையையும் அந்நியர் பீரங்கியையும் தாண்டிச் சம்பாதித்த பணம். பரம்பரைச் சொத்தை அள்ளி விடுவது வேறு. நாளைக்குக் கப்பல் திரும்பி வருமோ வராதோ என்ற நிலையில் இன்றைக்கு அள்ளிக் கொடுப்பது வேறு.

தங்க எடைக்கு நெல்

சேதுச் சீமையைப் பஞ்சம் அடிக்கடி வாட்டியதுண்டு. சீதக்காதி காலத்திலும் ஒரு கொடிய பஞ்சம் வந்தது. தராசில் ஒரு தட்டில் பொன்னையும் மறு தட்டில் நெல்லையும் வைத்து விற்கும் அளவுக்கு அன்று தானியம் அருமையாகிவிட்டது என்று அவரைப் பாடிய புலவர் சொல்கிறார். புலவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், இருக்கட்டும். கூட்டலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது மோசமான காலம்தான்.

பஞ்சம் என்பது நெல் வைத்திருக்கும் வியாபாரிக்கு அறுவடைக் காலம். இன்றைக்குக் கொஞ்சம் பதுக்கினால் நாளைக்கு இரட்டிப்பு விலை. சீதக்காதியிடம் கப்பல் இருந்தது. நெல் இருந்தது. அவர் நினைத்திருந்தால் பாதிச் சீமையை எழுதி வாங்கியிருக்கலாம். அவரோ களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். அடுப்பு எரிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சோறு விழுந்தது. எந்த ஜாதி, எந்த மதம் என்று இலைக்கு முன்னால் கேட்கவில்லை.

சீதக்காதிக்கு வள்ளல் என்ற பட்டம் இந்தப் பஞ்சத்தில்தான் நிலைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புலவருக்குப் பொன் கொடுத்தால் புலவர் பாடுவார். ஊருக்கே சோறு போட்டால்தான் ஊர் பேசும். முந்நூறு வருஷம் ஊர் பேசியிருக்கிறது.

ஔரங்கசீப் பாதுஷா சீதக்காதியை வங்காளத்துக்கு அதிகாரியாக அனுப்பினார் என்றும், அந்த இடம் பிடிக்காமல் அவர் ஊர் திரும்பிவிட்டார் என்றும் கீழக்கரையில் ஒரு கதை உண்டு. சங்கு வியாபாரத்துக்காக வங்காளத்தோடு இருந்த பழக்கம் நாளடைவில் இப்படி ஒரு கதையாக வளர்ந்திருக்கலாம்.

ஒரு காவியம் பிறந்தது

சீதக்காதி செய்த மிகப் பெரிய கொடை எது? சோறா, பொன்னா, கோட்டையா? தமிழுக்கு ஒரு காவியம் கிடைக்கச் செய்ததுதான் என்று பலரும் சொல்வார்கள்.

ராமர் கதைக்குக் கம்பன் பாட்டு இருக்கிறது. சிவனடியார் கதைக்குச் சேக்கிழார் பாட்டு இருக்கிறது. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் யாரும் பெருங்காவியமாகப் பாடவில்லையே என்ற குறை சீதக்காதிக்கு இருந்தது. அப்போது எட்டயபுரம் ஜமீனில் ஆஸ்தானப் புலவராக இருந்தவர் உமறுப் புலவர். வடநாட்டிலிருந்து வந்த செருக்கு மிகுந்த ஒரு புலவரைத் தமது 16-ம் வயதிலேயே வாதில் வென்று ஆசிரியரின் மானத்தைக் காத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தார் சீதக்காதி.

பாட்டெழுத உமறுவுக்குத் தமிழ் போதும். ஆனால் நபிகளின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆலிம் வேண்டும். அப்படி ஒருவர் கீழக்கரையிலேயே இருந்தார். அவர்தான் சதக்கத்துல்லா அப்பா. காயல்பட்டினத்தில் 1632-ல் பிறந்து கீழக்கரையில் வந்து வாழ்ந்த மார்க்க மேதை. அரபு மொழியில் கவிதை இயற்றியவர். சீதக்காதிக்கு அவரே ஞான குரு.

உமறு அவரிடம் போனார். ஆனால் போன கோலம் சரியில்லை! எட்டயபுரத்துச் சமஸ்தானப் புலவருக்கு உரிய ஆடை ஆபரணங்களோடு போய் நின்றார். இந்தக் கோலத்தில் இருப்பவரா நபிகளைப் பாடப் போகிறார் என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உரை சொல்ல மறுத்துவிட்டார். உமறு மனம் நொந்து பள்ளிவாசலில் விழுந்து அழுதார் என்றும், அந்தத் துயரத்தில் ஒரு மாலை நூலே பாடினார் என்றும், பிறகு கனவிலே அருள் கிடைத்தது என்றும் வரலாறு சொல்கிறது. அதற்குப் பிறகு அப்பாவின் மனம் இரங்கியது. பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணாக்கர் லெப்பை அலி ஹாஜியாரிடம் உமறுவை அனுப்பிவைத்தார். அங்கே உரை கேட்டு உமறு பாடத் தொடங்கினார். அந்தக் காவியமே சீறாப்புராணம். மூன்று காண்டம், 5,027 பாட்டுக்கள்.

ஆனால் காவியம் முடியும் வரை சீதக்காதி இருக்கவில்லை. பாதியிலேயே அவர் காலமாகிவிட்டார். புலவருக்கு ஆதரவு போயிற்று. அப்போது பரங்கிப்பேட்டையிலிருந்து மற்றொரு கை நீண்டது. அபுல் காசிம் மரக்காயர் என்ற செல்வர் புலவரை அழைத்துப் போய் மீதியைப் பாட வைத்தார்.

சடையப்ப வள்ளலைக் கம்பர் காவியத்தின் நடுநடுவே நினைத்துப் பாடினார் அல்லவா? அதே போல உமறுவும் தம்மை ஆதரித்த வள்ளலைச் சீறாவில் பல இடங்களில் போற்றிப் பாடியிருக்கிறார். அப்படிப் பாடப்பட்டவர் யார்? சீதக்காதி அல்ல. அபுல் காசிம்! யாருடைய ஆசையில் அந்த நூல் பிறந்ததோ அவருடைய பெயர் அந்தப் புகழ்ப் பாட்டுக்களில் இல்லை.

இதைச் சொல்லி உமறுவைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூல் முடிகிற காலத்தில் சோறு போட்டவரைப் புலவர் நினைப்பது இயற்கை. அபுல் காசிம் கைகொடுக்காமல் இருந்தால் சீறாவே பாதியில் நின்றிருக்கும். ஆனாலும், சீதக்காதியின் ஆன்மாவுக்கு இது ஒரு சோதனைதான். புகழுக்காகக் கொடுத்தவராக இருந்தால் அவர் தோற்றுப் போனார் என்று சொல்ல வேண்டும். ஏட்டில் இடம் கிடைக்கவில்லை. நாட்டிலோ, ஏட்டைப் படிக்கத் தெரியாதவர்களின் வாயில் அவர் பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு அபுல் காசிமைப் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். சீதக்காதியைப் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. ஓலைச் சுவடியில் கிடந்த சீறாப்புராணத்தைப் பரிசோதித்து 1842-ல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துப் பெரும் புலவர் ஒருவர். புலவர் நாயகம் என்று அவருக்குப் பட்டம். அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். ஆம், சீதக்காதியின் பெயரேதான்! நூலைத் தொடங்கி வைத்தவரும் ஷெய்கு அப்துல் காதிர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதை அச்சேற்றியவரும் ஷெய்கு அப்துல் காதிர்.

மோதிரம் கொடுத்த கை

இனி அந்தப் பிரசித்தமான கதைக்கு வருவோம்.

படிக்காசுப் புலவர் என்று ஒரு புலவர் இருந்தார். தொண்டை நாட்டில் களந்தை என்ற ஊரில் பிறந்தவர். தொண்டைமண்டல சதகம் பாடியவர். பஞ்சத்தில் சோறு போட்ட சீதக்காதியைப் பாடியவரும் அவரே. அவர் ஒரு முறை வள்ளலைப் பார்க்க வெகுதூரத்திலிருந்து கீழக்கரைக்கு வந்தார். வறுமையோடு வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் இடி போன்ற செய்தி. வள்ளல் இறந்துவிட்டார், அடக்கமும் ஆகிவிட்டது.

புலவர் கல்லறைக்குப் போனார். மனம் பொறுக்காமல் பாடி அழுதார். அப்போது மண் பிளந்தது. ஒரு கை வெளியே நீண்டது. அந்தக் கையின் விரலில் ஒரு மோதிரம். புலவர் அதைக் கழற்றிக்கொண்டார். கை உள்ளே போய்விட்டது. செத்தும் கொடுத்தவர் என்ற பேச்சு இப்படித்தான் வந்தது.

நடந்திருக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். இப்படியும் ஒன்று நினைத்துப் பார்க்கலாம். இஸ்லாமிய வழக்கப்படி இறந்தவரை நகை எதுவும் இல்லாமல் வெள்ளைத் துணியில் சுற்றியே அடக்கம் செய்வார்கள். மோதிரத்தோடு அடக்கம் செய்யும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த மோதிரம் வீட்டில்தான் இருந்திருக்கும். நான் போன பிறகு புலவர் யாராவது வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள் என்று அவர் வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கலாம். கல்லறையில் நின்று அழுத புலவரின் கையில் வீட்டார் அந்த மோதிரத்தைக் கொடுத்திருக்கலாம். இப்படி இருந்தாலும் செத்தும் கொடுத்ததாகத்தானே ஆகிறது? கையை மண்ணிலிருந்து நீட்ட வைத்தது ஜனங்களின் அன்பு.

கல்லிலே பூத்த பள்ளி

கீழக்கரைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நடுத்தெரு ஜும்மாப் பள்ளிவாசல். சீதக்காதி கட்டியது. முழுவதும் கல். உள்ளே நுழைந்தவுடன் நம் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்ற எண்ணம் வரும். அதே மாதிரியான கல் தூண்கள். தூணின் தலையில் அதே மாதிரியான பொதிகைகள். அந்தக் கல் வேலையைப் பார்த்தால் மதுரைச் சீமைச் சிற்பிகளின் கைதான் என்று தெரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம். கோயில் தூணில் சாமியும் யாளியும் நர்த்தன மங்கையும் இருப்பார்கள். இங்கே உயிருள்ள உருவம் ஒன்று கூடக் கிடையாது. இஸ்லாம் அதை ஒப்புக்கொள்ளாது. அந்த இடத்தில் தாமரையும் கொடியும் பூவேலையும். சிற்பிக்கு இது ஒரு பரீட்சையாக இருந்திருக்க வேண்டும். காலமெல்லாம் தெய்வ உருவம் செதுக்கிப் பழகிய உளி, இங்கே பூவை மட்டும் செதுக்கிற்று. குறை தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தில் கோட்டை கட்டிய சிற்பிகளே இங்கும் வேலை செய்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அரசருக்கு வியாபாரி பணம் கொடுத்தார். வியாபாரிக்கு அரசர் சிற்பிகளைக் கொடுத்தார். கணக்கு நேராகிவிட்டது.

சீதக்காதியின் அடக்கம் இந்தப் பள்ளியை ஒட்டியே இருக்கிறது. அவருடைய குருநாதர் சதக்கத்துல்லா அப்பாவின் தர்காவும் அங்கேயே. அப்பா 1703-ல் காலமானார். குருவும் சீடரும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உறங்குகிறார்கள்.

வெளியூரிலிருந்து போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்ப்பது நல்லது. அது ஜும்மாத் தொழுகை நேரம். மற்ற வேளைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்குள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போக வேண்டும். படம் பிடிப்பதானாலும் அப்படியே.

ராமலிங்க விலாசம்

அடுத்தது ராமநாதபுரம் அரண்மனை. அதன் உள்ளே ராமலிங்க விலாசம் என்ற கட்டடம். சேதுபதிகளின் தர்பார் மண்டபம் அது. கிழவன் சேதுபதியின் காலத்தில் எழுந்தது. இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய வாள், ஈட்டி முதலிய ஆயுதங்களையும் கற்சிலைகளையும் பார்க்கலாம். ஆனால் அவற்றை விடப் பெரிய காட்சி சுவரில் இருக்கிறது.

சுவர் முழுவதும் ஓவியம். இவை கிழவன் சேதுபதிக்குப் பின் 1713 முதல் 1725 வரை ஆண்ட முத்து விசய ரகுநாத சேதுபதியின் காலத்தில் எழுதப்பட்டவை. ராமாயணக் கதை இருக்கிறது. கண்ணன் கதை இருக்கிறது. தஞ்சாவூர் மராத்திய ராஜாவோடு நடந்த சண்டை இருக்கிறது. சேதுபதி தர்பாரில் உட்கார்ந்து தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் காட்சியும் இருக்கிறது. இந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். டச்சுக்காரர்கள் இப்படித்தான் வந்து நின்று, மரக்காயரை விலக்குங்கள் என்று பேசியிருப்பார்கள். படங்களுக்குக் கீழே என்ன காட்சி என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிற பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கு ஒரு விளையாட்டு, பெரியவர்களுக்கும்தான்.

நேரம் இருப்பவர்கள் இன்னும் சில இடங்களுக்குப் போகலாம். கீழக்கரைக்குக் கிழக்கே பெரியபட்டினம். பழைய காலத்தில் பெரிய துறைமுகம். 1987-ல் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் அங்கே தோண்டிப் பார்த்தபோது சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சீதக்காதிக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்குச் சீனத்துச் சரக்கு வந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளம். அங்கே கிடைத்த ரோமாபுரி நாணயங்கள் இன்னும் பழைய காலத்தைச் சொல்கின்றன. அந்த ஊர்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது மணலும் பனையும்தான். எல்லாம் மண்ணுக்கு அடியில்.

சீறா பாடிய உமறுவைப் பார்க்க வேண்டுமானால் எட்டயபுரம் போக வேண்டும். அவருடைய அடக்கத்தலமும் மணிமண்டபமும் அங்கே இருக்கின்றன. பாரதியார் பிறந்த வீடும் அதே ஊரில்தான். ஒரே நாளில் இரண்டு கவிஞர்களையும் தரிசித்துவிடலாம்.

சீதக்காதியின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை ஒன்று பிற்காலத்தில் ஏற்பட்டது. அதை நிறுவியவர் கீழக்கரையில் பிறந்து, கல்வி நிலையங்கள் பல கண்டு, 2015-ல் காலமான தொழிலதிபர் பி. எஸ். அப்துர் ரகுமான். அவரும் கடல் கடந்து வியாபாரம் செய்து பொருள் ஈட்டியவர்தான்.

ராமநாதபுரம் நகரில் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. அதற்குச் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் என்று பெயர். அரண்மனை பார்த்து முடித்தவர்கள் அந்தப் பக்கமும் போய் வரலாம். வியாபாரியின் பெயர் முதலில். அரசரின் பெயர் அடுத்து.